கிருமியும் சர்க்கரையும்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்பது, தோட்டத்துக்காரர்கள் வாடிய செடியைக் கையோடு பிடுங்கிவந்து கேட்பது, மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் போனில் கேட்பது என்று சேர்ந்துபோன கேள்விகள் இவை. சர்க்கரை என்று இங்கே சொல்வது டீயில் போடுவதை மட்டுமல்ல. குளுக்கோஸ், லாக்டோஸ், செல்லோபயோஸ், ஃப்யூகோஸ் என்று அந்தக் குடும்பம் பெரிது. வீரியம் என்றால் ஒரு கிருமி எவ்வளவு கடுமையாக நோய் உண்டாக்கும் என்பது.

சர்க்கரை கிருமிக்குச் சாப்பாடு. அதில் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது?

சாப்பாடுதான், ஆனால் சேதியும்கூட. எந்தச் சர்க்கரை கிடைக்கிறது என்பதை வைத்தே தான் எங்கே இருக்கிறோம் என்று கிருமி தெரிந்துகொள்கிறது. மண்ணில் மட்கும் இலைதழையில் செல்லோபயோஸ் கிடைக்கும். குடலின் சளிப்படலத்தில் ஃப்யூகோஸ். நம் செல்லுக்குள் போய்விட்டால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட். நச்சு தயாரிப்பதும், ஒட்டிக்கொள்ளும் இழைகளை முளைக்கவிடுவதும் பாக்டீரியாவுக்குப் பெருஞ்செலவு. தேவையில்லாத இடத்தில் செய்தால் பெருகும் வேகம் குறையும், உடம்பின் நோயெதிர்ப்புக்கும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் சர்க்கரைக் கணக்கையும் வீரியத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறது.

பாரிஸில் ஜாக் மோனோ 1941இல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு இந்தக் கதையின் பெரிய தொடக்கம். இரண்டு சர்க்கரையைக் கலந்து வைத்தால் பாக்டீரியா இரண்டையும் ஒன்றாகத் தின்பதில்லை. குளுக்கோஸும் லாக்டோஸும் வைத்து, குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை வளர்த்தால் முதலில் குளுக்கோஸ் காலியாகும். அப்புறம் வளர்ச்சிக்கோடு கொஞ்ச நேரம் தரையோடு தரையாகப் படுத்துவிடும். பிறகுதான் லாக்டோஸைத் தொட்டு மறுபடி ஏறும். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் அரைமணிக்கு ஒருமுறை, பாக்டீரியா பெருகுவதைக் காட்டும் கலங்கலை அளந்து கிராஃப் தாளில் புள்ளி வைக்கும்போது, அந்தப் படுத்த பகுதி வந்ததும் 'கருவி கெட்டுப்போச்சுங்க சார்' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கருவி நன்றாகத்தான் இருக்கும்.

கண்ணும் மூக்கும் இல்லாத பாக்டீரியாவுக்குச் சர்க்கரை இருப்பது எப்படித் தெரிகிறது?

சர்க்கரையை உள்ளே இழுக்கும் இயந்திரமே சேதி சொல்லும் கருவியாகவும் இருப்பதுதான் இதில் அழகு. பாஸ்போடிரான்ஸ்ஃபெரேஸ் அமைப்பு என்று பெயர், சுருக்கமாக பிடிஎஸ். சால் ரோஸ்மன் குழு 1964இல் கண்டுபிடித்தது.

வீட்டுக்குக் காங்கிரீட் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே சட்டிக்குப் பதில் பாஸ்பேட். முதல் ஆள் என்சைம்-1, அடுத்தவர் எச்பிஆர் என்ற சின்னப் புரதம், மூன்றாவது என்சைம்-2ஏ. கடைசி ஆள் செல்லின் சவ்வில் நிற்கிறார். உள்ளே நுழையும் குளுக்கோஸின் தலையில் பாஸ்பேட்டை ஏற்றிவிடுவது அவர் வேலை. வாங்கிக்கொள்ளக் குளுக்கோஸ் வந்துகொண்டே இருந்தால் வரிசையில் எல்லோர் கையும் காலி. வரவில்லையென்றால் ஆளாளுக்குச் சட்டியோடு நிற்பார்கள்.

பாக்டீரியா பார்ப்பது அந்தக் கைகளைத்தான். ஈ.கோலையில் 2ஏ கை காலியாக இருந்தால் அது போய் லாக்டோஸ் நுழையும் வாசலைப் பிடித்து அடைத்துவிடும். கையில் பாஸ்பேட் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியைத் தூண்டும். சைக்ளிக் ஏஎம்பி, சிஆர்பி என்ற புரதத்தோடு சேர்ந்து டிஎன்ஏவில் உட்காரும்; நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் ஏறும் அல்லது இறங்கும். அவற்றில் வேறு சர்க்கரைகளைச் செரிக்கும் மரபணுக்களும் உண்டு, வீரியத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களும் உண்டு.

ஸ்டாஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லிஸ்டீரியா போன்ற, செல்சுவர் தடித்த கிராம்-பாசிட்டிவ் வகைகளில் வழி வேறு. அங்கே நல்ல சர்க்கரை தாராளமாக இருக்கும்போது எச்பிஆர் புரதத்தின் 46ஆம் இடத்தில் இன்னொரு பாஸ்பேட் ஏறும். ஏறியதும் அது சிசிபிஏ என்ற புரதத்தோடு கூட்டுச் சேர்ந்து மரபணுக்களை அடக்கும்.

அப்படியானால் சர்க்கரை கூடினால் நோயும் கூடும், அவ்வளவுதானுங்களே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். சர்க்கரை வீரியத்தைக் கூட்டும் என்று ஒருவர் சொன்னால், எந்தச் சர்க்கரை, எந்தக் கிருமி, எந்த இடம் என்று திருப்பிக் கேளுங்கள். மூன்றும் தெரியாமல் சொல்லும் பதில் பதிலே இல்லை.

லிஸ்டீரியா மண்ணில் மட்கும் செடிகொடியிலும் வாழும், மனித செல்லுக்குள்ளும் புகும். கருவுற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்தான கிருமி. அதன் வீரியம் பெரும்பாலும் பிஆர்எஃப்ஏ என்ற ஒரே புரதத்தின் கையில் இருக்கிறது. செல்லோபயோஸ், குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளை பிடிஎஸ் வழியாக இழுத்துக்கொண்டிருக்கும்வரை பிஆர்எஃப்ஏ அடங்கிக் கிடக்கும். மனித செல்லுக்குள் போனதும் கிருமி எச்பிடி என்ற வேறொரு வாசல் வழியாகக் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை எடுத்துக்கொள்கிறது. இதில் பிடிஎஸ்ஸுக்கு வேலையே இல்லை, பிஆர்எஃப்ஏ விழித்துக்கொள்ளும். போதாததற்கு வெப்பத்தையும் பார்க்கிறது: பிஆர்எஃப்ஏவைத் தயாரிக்கும் சேதியைச் சுமக்கும் ஆர்என்ஏ 30 டிகிரியில் மடிந்து மூடிக்கிடக்கும், 37 டிகிரியில் அவிழ்ந்து புரதம் தயாராக வழிவிடும். எச்பிடி வாசலைத் திறப்பதும் பிஆர்எஃப்ஏதான். அந்த வாசலைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

இரண்டாவது, ஓ157 வகை ஈ.கோலை. ரத்தத்தோடு கழிச்சல் உண்டாக்கி, சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கும் வகை இது. நம் குடலில் சாதுவாக வாழும் பாக்டீராய்டிஸ் என்ற பாக்டீரியா சளிப்படலத்திலிருந்து ஃப்யூகோஸ் சர்க்கரையை வெட்டி விடுகிறது. ஓ157 அதை ஃபியூஸ்கே என்ற உணரியால் முகர்ந்து, 'இன்னும் சளிக்குள்தான் இருக்கிறோம், குடல்சுவரைத் தொடவில்லை' என்று புரிந்துகொண்டு, ஒட்டிக்கொள்ளும் மரபணுக்களை அடக்கியே வைக்கும். 2012இல் வந்த ஆய்வு இது. சுவரை நெருங்க நெருங்க நம் உடம்பு சுரக்கும் அட்ரினலின், நார்அட்ரினலினை வேறோர் உணரி பிடிக்கும். அப்போதுதான் ஆயுதத்தை வெளியே எடுக்கிறது. ஆக, இங்கே சர்க்கரை வீரியத்தை அடக்கும் கட்டளை.

கோரம் சென்சிங் என்பது என்ன? அதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டா?

பாக்டீரியாக்கள் சின்னச் சின்ன மூலக்கூறுகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் சேரச் சேர அந்த மூலக்கூறு அடர்த்தியாகும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து ஒரே வேலையில் இறங்கும். நீலேசன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் 1970இல் கடலில் ஒளிவிடும் ஒரு விப்ரியோ பாக்டீரியாவில் இதைக் காட்டினார்கள். கோரம் சென்சிங் என்ற பெயர் 1994இல்தான் வந்தது.

சர்க்கரையோடு தொடர்பு நேரடியானது. ஈ.கோலை குளுக்கோஸ் தின்று வளரும்போது ஏஐ-2 என்ற மூலக்கூறை வெளியே தள்ளும். குளுக்கோஸ் தீர்ந்ததும் சைக்ளிக் ஏஎம்பி ஏறும். வெளியே விட்டதையே திரும்ப உள்ளே இழுக்கும் வாசல் திறக்கும். உள்ளே வந்த ஏஐ-2க்கு எல்எஸ்ஆர்கே என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடும். இந்த நொதியை யார் பிடித்து அடக்குகிறார் தெரியுமா? மேலே பாஸ்பேட் கைமாற்றிய அதே எச்பிஆர்! கூட்டத்தை எண்ணும் ஏற்பாடும் சர்க்கரையை எண்ணும் ஏற்பாடும் ஒரே புரதத்தில் கைகோக்கின்றன.

கூட்டம் சேர்ந்தால்தான் எல்லாக் கிருமியும் தாக்குமா?

பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். காலரா அப்படியே தலைகீழ். ஆள் குறைவாக இருக்கும்போது நச்சையும் குடலில் ஒட்டும் இழையையும் தயாரிக்கும். கூட்டம் பெருகியதும் ஹேப்ஆர் என்ற புரதம் ஏறி, நச்சை நிறுத்தி, பிடியை விடுவிக்கும் நொதியைச் சுரக்கவிடும். கழிச்சலோடு வெளியேறி அடுத்த ஆளைத் தேடுவதுதான் அதன் திட்டம். அந்த நச்சு ஒன்று இருக்கிறது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் நிறுவினார். நம் பாடப்புத்தகங்கள் அவருக்குக் கொடுத்திருக்கும் இடம் போதாது என்பது என் மனத்தாங்கல்.

கழிச்சலுக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் குளுக்கோஸ் இருக்கிறதே, அது கிருமிக்குத் தீனி போட்டதாக ஆகாதா?

தாய்மார்கள் கேட்கும் நியாயமான கேள்வி. சிறுகுடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும் ஒரு வாசல் உண்டு. காலரா நச்சு அதைக் கெடுப்பதில்லை. உப்பும் குளுக்கோஸும் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். உயிரைக் காப்பது அந்தத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அளவு முக்கியம். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைக்காதீர்கள், மேலே சர்க்கரை போடாதீர்கள், கொடுக்காமலும் இருக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு கிழங்கு அழுகினால் மூட்டையே போகிறது. ஏனுங்க?

நீலகிரியிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகளில்தான் ஏலம் போகிறது. அங்கே மழைக்காலத்தில் போனால் அந்த நாற்றத்திலேயே தெரிந்துவிடும். கிழங்கை எடுத்தால் தோல் முழுசாக இருக்கும். விரல் வைத்து அமுக்கினால் தோல் கிழிந்து உள்ளே இருப்பது பாலாடை நிறத்துக் கூழாக வழியும். நார்கூட மிஞ்சாது. இது பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் கைவேலை.

இந்தக் கிருமி நல்ல கிழங்கின் தோல் துளைகளிலேயே நாள்கணக்கில் சும்மா கிடக்கும். செடியின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அதைக் கரைக்கும் நொதிகளை முன்கூட்டியே கொஞ்சமாக விட்டால் செடியின் எதிர்ப்பு விழித்துக்கொள்ளும், கிருமி தோற்கும். ஆகவே முதலில் சத்தமில்லாமல் பெருகும். அது வெளியே விடும் சேதி மூலக்கூறு ஹோமோசெரின் லாக்டோன் வகையைச் சேர்ந்தது. கடலில் ஒளிவிடும் அந்த விப்ரியோ பயன்படுத்தும் அதே மூலக்கூறு. கூட்டம் போதுமான அளவு சேர்ந்ததும் நொதிகள் ஒரே நேரத்தில் கொட்டும்.

இனிமேல்தான் சர்க்கரை வருகிறது. பெக்டினும் சர்க்கரைச் சங்கிலிதான். கரைந்து உள்ளே வரும் துண்டுகளிலிருந்து கேடிஜி என்ற பொருள் உண்டாகும். நொதி மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும் கேடிஜிஆர் புரதத்தில் அது ஒட்டியதும் பிடி தளரும். நொதி கூடும், மேலும் பெக்டின் கரையும், மேலும் கேடிஜி வரும். சுற்றிச் சுற்றி வேகமெடுக்கும். காலையில் சரியாக இருந்த மூட்டையில் சாயங்காலம் தண்ணீர் சொட்டுவது இதனால்தான்.

சேதி மூலக்கூறு தயாரிக்கும் மரபணுவை எடுத்துவிட்ட பெக்டோபாக்டீரியம் கிழங்கை அழுகவைப்பதில்லை. இன்னொரு பக்கம், அந்த மூலக்கூறை உடைக்கும் ஏஐஐஏ என்ற நொதியை ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்து உருளைச் செடியிலேயே வைத்துப் பார்த்தார்கள். செடி அழுகலைத் தாங்கியது. 2001இல் வந்த ஆய்வு. கிருமியைக் கொல்லவில்லை, பேச்சை மட்டும் அறுத்தார்கள். நம் மண்டிக்கு அதெல்லாம் வரும்வரை பழைய வழிதான்: ஈரத்தோடு மூட்டை கட்டாதீர்கள், காயம்பட்டதைப் பொறுக்கிப் போடுங்கள், காற்றோட்டம் விடுங்கள். தோலில் நீர்ப்படலம் நின்றால் காற்று உள்ளே போகாது. கிழங்கின் எதிர்ப்பு தளரும், கிருமிக்கு வசதி.

வாழைக் கிழங்கு அழுகலும், ஈரோட்டு மஞ்சள் கிழங்கு அழுகலும் இதேதானா?

வாழைக்கு ஆமாம், அதே பெக்டோபாக்டீரியக் கூட்டம்தான். மஞ்சளுக்கு இல்லை. அது பெரும்பாலும் பித்தியம் என்ற பூஞ்சை மாதிரியான உயிரியால் வருவது. மருந்து வேறு, ஆலோசனை வேறு.

தக்காளி பச்சையாகவே வாடுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

வாடிய செடியின் அடித்தண்டை ஒரு சாண் நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் தண்ணீரைத் தொடும்படி பிடியுங்கள். அசைக்கக் கூடாது. சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்நிற இழை ஒன்று நேராகக் கீழே இறங்கினால் ரால்ஸ்டோனியா பாக்டீரியா. இழை வராவிட்டால் பூஞ்சை வாடலாக இருக்கலாம்.

அந்த வெள்ளை இழையில் இருப்பது லட்சோபலட்சம் பாக்டீரியாவும், அது சுரக்கும் வழுவழுப்பான சர்க்கரைப் பசையும். தண்ணீர் ஏறும் குழாயை அடைப்பதும் அந்தப் பசைதான். பிஎச்சிஏ என்ற புரதம், கூட்டம் சேர்ந்த பிறகே பசை தயாரிக்க அனுமதி கொடுக்கும். அந்தப் புரதம் இல்லாத பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தார்கள்: நோய் உண்டாக்கும் திறன் போய்விட்டது, ஆனால் முன்பைவிட வேகமாக வளர்ந்தது, முன்பைவிடப் பலவிதச் சத்துகளைத் தின்றது. வீரியத்துக்குக் கொடுக்கும் விலை இவ்வளவு என்று துலக்கமாகக் காட்டிய சோதனைகளில் இதுவும் ஒன்று.

நெல்லில் இலைக்கருகல் வருவதிலும் சர்க்கரைக்குப் பங்கு உண்டா?

உண்டு, இதில் சூது அதிகம். சாந்தோமோனாஸ் என்ற கிருமி தன் புரதத்தை நெற்பயிரின் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் நெல்லின் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, ஸ்வீட் என்று பெயர் வைத்த மரபணுக்களை முடுக்கிவிடும். அவை சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே விடும் வாசல்கள். கிருமிக்கு வீட்டுக்காரரே கதவைத் திறந்து பரிமாறுகிறார்! சில நெல் ரகங்களில் அந்தப் புரதம் உட்காரும் இடம் கொஞ்சம் மாறியிருக்கும். கிருமிக்குச் சாவி சேராது. எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு அப்படிப்பட்டதுதான். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் அது மற்ற இரண்டு எதிர்ப்பு மரபணுக்களோடு சேர்த்துக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: யூரியாவை அள்ளிப் போட்டால் கருகல் கூடும்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை சாப்பிட்டால் பல் சொத்தை வராதுதானே?

வரும். நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வாய்க்கிருமி சுக்ரோஸை உடைத்து, ஒரு பாதியைப் பல்லில் ஒட்டும் பசையாக நெய்யும். மீதியை லாக்டிக் அமிலமாக்கும். பிஎச் 5.5க்குக் கீழே போனால் பல் மேற்பூச்சு கரையத் தொடங்கும். எவ்வளவு தின்றீர்கள் என்பதைவிட எத்தனை தடவை வாயில் போட்டீர்கள் என்பதே பெரிது.

சுகர் இருப்பவர்களுக்குப் புண் ஆறாததற்கு இந்தச் சர்க்கரைச் சேதிதான் காரணமா?

முதல் காரணங்கள் வேறு: ரத்த ஓட்டம் குறைவது, நரம்பு மரத்துப்போவதால் காயமே தெரியாமல் போவது, வெள்ளணுக்கள் மந்தமாவது. கிருமியின் பக்கமும் கொஞ்சம் உண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், குளுக்கோஸ் கூடிய இடத்தில் தடித்த படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் அந்தப் படலத்தை வளர்க்க நாங்களே குளுக்கோஸ் சேர்ப்போம். காலில் புண் என்றால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

நாமக்கல் கோழித் தீவனத்தில் ப்யூட்டிரேட் சேர்ப்பது எதற்கு?

மாவுச்சத்தையும் நாரையும் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், ப்யூட்டிரேட் என்ற சிறு அமிலங்கள் வரும். கோழி, முட்டை வழியாக நமக்குக் கழிச்சல் உண்டாக்கும் சால்மொனெல்லா இவற்றையும் சேதியாகப் படிக்கிறது. ப்யூட்டிரேட் மிகுந்த இடத்தில், குடல் செல்லுக்குள் புகும் மரபணுக்களை அடக்கிக்கொள்ளும். மேலே பூச்சுப் போட்டு, குடலின் கீழ்ப்பகுதியில் கரையும்படி கொடுப்பது அதற்குத்தான். கோழியின் குடல் சுவருக்கும் அது நல்லது. இதனால் முட்டையை அரைவேக்காட்டில் சாப்பிடலாமா என்றால், நான் சாப்பிடுவதில்லை.

இதையெல்லாம் வைத்து மருந்து வந்திருக்கிறதா?

கோரம் சென்சிங்கை மட்டும் தடுக்கும் மருந்து, மருத்துவமனையில் வழக்கமாகக் கொடுக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. சிவப்புக் கடற்பாசி ஒன்றிலிருந்து எடுத்த ஃப்யூரனோன்கள் ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்தன, ஆனால் மனித செல்லுக்கும் நஞ்சாக இருந்தன.

ஆனால் சர்க்கரை வாசலைப் பயன்படுத்தும் மருந்து இப்போதே கடையில் இருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு ஒரே வேளையாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஃபாஸ்ஃபோமைசின். ஈ.கோலைக்குள் அது தானாகப் போக முடியாது. கிளிசரால்-3-பாஸ்பேட் நுழையும் வாசல் வழியாகவும், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் நுழையும் வாசல் வழியாகவும் புகும். இரண்டாவது வாசல், அந்தச் சர்க்கரை வெளியே இருந்தால்தான் திறக்கும். அதனால் லேபில் இந்த மருந்தைச் சோதிக்கும் சின்னக் காகித வட்டத்தில் 200 மைக்ரோகிராம் மருந்தோடு 50 மைக்ரோகிராம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டும் சேர்த்தே வைத்திருப்பார்கள். அது இல்லாமல் சோதித்தால், மருந்துக்குக் கேட்கும் (அதாவது சாகும்) கிருமியும் கேட்காத மாதிரி காட்டும்.

இப்போது அந்த லிஸ்டீரியாவின் வாசல். தட்டில் வளர்த்துச் சோதித்தால் லிஸ்டீரியா ஃபாஸ்ஃபோமைசினுக்கு அசையாது. ஆனால் உடம்புக்குள், நம் செல்லில் புகுந்த பிறகு கொடுத்தால் சாகிறது. வீரியத்தைத் தட்டி எழுப்பும் பிஆர்எஃப்ஏ, சர்க்கரைக்காக எச்பிடி வாசலையும் திறந்துவிடுகிறது; மருந்து அதே வாசலில் நுழைகிறது. 2006இல் இதைக் காட்டினார்கள். லேப் ரிப்போர்ட்டில் 'கேட்காது' என்று வந்த மருந்து ஆளுக்குள் எப்படிக் கேட்டது என்று மாணவர்கள் கேட்டால், தட்டில் கிருமிக்கு என்ன சாப்பாடு வைத்தீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன்.